பட்டறைக்கு ஏர் லைன்: காற்றோடு வரும் தண்ணீர் எங்கே இறங்கும்?

பெயிண்ட் அடித்த பானெட்டில் சில நாள் கழித்துச் சின்னச் சின்னக் கொப்புளம். இம்பாக்ட் ரெஞ்சைத் திறந்தால் உள்ளே துரு. காலையில் ஏர் கன்னை அழுத்தினால் காற்றுக்கு முன்னால் சாரல். சென்னையில் கம்ப்ரஸர் வைத்துத் தொழில் செய்பவர்களில் இந்த மூன்றில் ஒன்றைக்கூடப் பார்க்காதவர் அபூர்வம். பழி பெரும்பாலும் கம்ப்ரஸர் மேல் விழும், இல்லாவிட்டால் பெயிண்ட் கடைக்காரர் மேல். சுவரில் ஓடும் பைப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஏர் லைன் போடும்போது எல்லாரும் கேட்பது, ‘காற்று அந்த மூலை வரைக்கும் போகுமா?’ என்றுதான். போகும். தரையில் இழுத்துப் போட்ட ஹோஸில்கூடப் போகும். கேட்க வேண்டியது வேறு: காற்றோடு வரும் தண்ணீர் எந்த இடத்தில் இறங்கப் போகிறது? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு பைப் போட்டால் சாய்வு, சைஸ், டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போடும் இடம், ஃபில்டர் மாட்டும் இடம் எல்லாம் தானாக முடிவாகிவிடும். புதிதாக ஷெட் போடுபவர்களையும், இதுவரை ஹோஸை வைத்தே ஒப்பேற்றி வந்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மணிக்கு அரை லிட்டருக்கு மேல்

கேஜ் 7 கிலோ காட்டுகிறது என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 7 கிலோ கூடுதல் என்று பொருள். நாம் வாய்ப்பேச்சில் ‘கிலோ’ என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் அழுத்தம். 7 கிலோ ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ.; ‘பார்’ என்று அச்சிட்ட கேஜாக இருந்தால் பாரும் கிலோவும் கிட்டத்தட்ட ஒன்றே. வெளிக்காற்றின் ஒரு கிலோவையும் சேர்த்தால் மொத்தம் 8. ஆக, எட்டு கன மீட்டர் வெளிக்காற்று ஒரு கன மீட்டர் இடத்துக்குள் அடைபட்டிருக்கிறது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் அதிகபட்சம் 30 கிராம் நீராவிதான் நிற்கும். அந்த அளவைத் தீர்மானிப்பது வெப்பம். காற்றை எவ்வளவு அழுத்தினாலும் அது கூடாது. சென்னையில் ஈரப்பதம் 80 சதவீதம் என்பது சாதாரண நாள்தான். அன்று ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் நீராவி இருக்கும். எட்டை ஒன்றாக அழுத்தினால் 192 கிராம் உள்ளே வந்துவிடுகிறது, இடமோ 30 கிராமுக்கு. எட்டு 21ஜி பஸ்ஸில் வந்த கூட்டத்தை ஒரே பஸ்ஸில் ஏற்றப் பார்ப்பதுபோலத்தான். மீதி 160 கிராம் தண்ணீராக இறங்கியே தீரும்.

5 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்று 18 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 18 கன அடி காற்றைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கன மீட்டர். மோட்டார் நிற்காமல் ஓடினால் மணிக்கு 600 கிராம் தண்ணீர். நாளுக்கு நாலைந்து மணி நேரம் ஓடினாலே இரண்டு, மூன்று லிட்டர் ஆகிவிடும்.

இது மழைக்காலத் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கடல்காற்று அடிக்கும் சாயங்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம். கணக்குப் போட்டால் கன மீட்டருக்கு 25 கிராம் வருகிறது. 26 டிகிரியில் அடைமழை பெய்யும் ஐப்பசி நாளில் 22 கிராம்தான். வெயில் நாளில் தண்ணீர் கூடுதல்; பைப் சூடாக இருப்பதால் அது கண்ணில் படாமல் நீராவியாக ஓடுகிறது, அவ்வளவே.

எல்லாத் தண்ணீரும் டேங்கின் அடியிலேயே விழுந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் பம்ப்பிலிருந்து வரும் காற்று கொதிக்கும். டேங்கில் அது 50 டிகிரியில் இருந்தால், ஒரு கன மீட்டரில் 83 கிராம் வரை நீராவியாகவே தங்கிவிடும். நீராவி எந்த ஃபில்டரிலும் நிற்காது, ஃபில்டர் பிடிப்பது துளிகளை மட்டும். கம்ப்ரஸரை ஒட்டியே வாட்டர் செபரேட்டரை மாட்டிவிட்டு, ‘மாட்டியும் தண்ணி வருதே சார்’ என்று சொல்வது இதனால்தான். காற்று பைப்பில் ஓடி 32 டிகிரிக்கு ஆறும்போது, அந்த 83 கிராமில் ஐம்பது கிராம்போலத் துளியாக மாறும். மாறும் இடம் பைப்பாக இருக்க வேண்டும், ஸ்பிரே கன்னாக இருக்கக் கூடாது.

நம்மூர் தகர ஷெட்டில் இதற்கு இன்னொரு முட்டுக்கட்டை. ஏப்ரல், மே மதியத்தில் ஷீட்டுக்கு அடியில் நிற்கும் காற்றே 45 டிகிரியைத் தாண்டும். இடம் அடைக்காதே என்று பைப்பை ஷீட்டை ஒட்டிக் கட்டினால், உள்ளே காற்று ஆறவே ஆறாது. கீழே பெயிண்ட் அடிக்கும் பூத்துக்குள் இறங்கிய பிறகு ஆறும். தண்ணீரும் அங்கேதான் பிறக்கும். மெயின் பைப்பை ஷீட்டிலிருந்து மூன்றடியாவது கீழே இறக்கி, வெயில் நேரடியாகச் சுடாத சுவர் ஓரமாக எட்டு, ஒன்பது அடி உயரத்தில் கொண்டுபோங்கள்.

கம்ப்ரஸர் நிற்கும் இடம்

சத்தத்துக்குப் பயந்து கம்ப்ரஸரை வெளியே வைப்பது நல்லதுதான், நிழல் இருந்தால். அது இழுக்கும் காற்று 4 டிகிரி கூடினால் கரண்ட் செலவு ஒரு சதவீதம் கூடும். பெயிண்ட் புகையும் பட்டி தேய்க்கும் தூசியும் போகும் பக்கத்தில் கம்ப்ரஸர் காற்று இழுக்கும் வாயை வைக்காதீர்கள். பெல்ட் வீல்தான் விசிறி வேலையும் பார்க்கிறது என்பதால் அந்தப் பக்கம் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது விட வேண்டும்.

கீழே திண்டு கட்டுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் நின்றது. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் திண்டின் உயரம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டேங்கிலிருந்து வெளிவரும் வாயில் முதலில் ஒரு பால் வால்வு. அடுத்து ஒன்றரை, இரண்டு அடிக்கு நல்ல பின்னல் ஹோஸ். அதன் பிறகுதான் இரும்பு பைப். ஹோஸை விட்டுவிட்டு டேங்கில் நேராகப் பைப்பை முறுக்கினால் கம்ப்ரஸரின் ஆட்டம் முழுக்க மரையில் விழும். சில மாதத்தில் எல்போவின் (வளைவு இணைப்பின்) கழுத்தில் விரிசல் விடும். பால் வால்வு டேங்குக்குப் பிறகுதான் வர வேண்டும். பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில் வால்வு வைத்து, யாராவது அதை மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் பம்ப் ஹெட்டே வெடிக்கலாம்.

மேலே எடுத்து, கீழே விடுவது

இனி பைப்பின் ஓட்டம். ஹோஸ் முடிந்த இடத்திலிருந்து பைப் நேராகச் சுவரில் மேலே ஏறட்டும். ஏறும் பைப்பின் அடியில் ஒரு டீ போட்டு, அதன் கீழ்வாயில் அரையடிப் பைப்பும் தண்ணீரை வெளியே விட ஒரு டிரெயின் வால்வும் வையுங்கள். ஏறும்போதே ஆறிய துளிகள் சுவர் வழியாக வழிந்து அங்கே சேரும்.

மேலே போனதும் மெயின் பைப் படுக்கையாக ஓடும். மட்டமாக ஓடக் கூடாது. காற்று போகும் திசையிலேயே நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு கொடுக்க வேண்டும். 10 அடிக்கு ஒன்றேகால் இன்ச் என்று ஃபிட்டரிடம் சொன்னால் போதும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, ‘சூப்பரா மட்டமா இருக்கு சார்’ என்று அவர் பெருமைப்பட்டால் பாராட்டிவிட்டு மறுபடி கட்டச் சொல்லுங்கள். நூல் பிடித்து இறக்கத்தைக் குறித்த பிறகு கிளாம்ப் அடிப்பதே நல்லது. ஒரு இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்கு இரண்டு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் தேவை. இடைவெளி கூடினால் பைப் நடுவில் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும்.

மெயின் பைப்பிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு இறக்கும் இணைப்புகள்தான் இந்த விஷயத்தின் உயிர். வீட்டுக் குழாய் வேலை செய்து பழகிய பிளம்பர், டீயைக் கீழ்நோக்கித் திருப்பி அப்படியே பைப்பை இறக்குவார். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. ஏர் லைனில் மெயின் பைப்பின் அடியில் ஓடும் தண்ணீர் முழுவதும் அந்த முதல் டீயிலேயே இறங்கி நேராக உங்கள் டூலுக்குள் போகும். டீயின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு சாண் மேலே ஏறி, இரண்டு எல்போவில் தலைகீழ் ‘ப’ போலத் திரும்பி, பிறகு இறங்க வேண்டும். அடியில் ஓடும் தண்ணீரால் மேலே ஏற முடியாது. அது சாய்வு பிடித்துத் தன் வழியே போய்விடும், காற்று மட்டும் திரும்பி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரண்டு எல்போ கூடுதல் செலவு. இந்த வேலையில் இதைவிட லாபமான செலவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இறங்கிய பைப் மார்பு உயரத்துக்கு வந்ததும் ஒரு டீ. பக்கவாட்டில், ஹோஸைச் செருகும் கப்ளர் மாட்டும் வாய். நேர்கீழே இன்னும் ஒரு அடி பைப் தொடர்ந்து, முடிவில் டிரெயின் வால்வு. கடைசியில் மிச்சமிருக்கும் தண்ணீரும் நேராகக் கீழே விழுந்துவிடும், காற்று பக்கவாட்டில் திரும்பும். டிரெயினுக்குப் பதில் டம்மி மூடி போட்டு முறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மூடியை யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். வால்வு இருந்தால் போகிறபோக்கில் ஒருவராவது திறந்துவிடுவார்.

ஷட்டருக்கு மேலேயோ பீமைத் தாண்டியோ போகும்போது பைப்பைக் கீழே வளைத்து மறுபடி மேலே ஏற்றாதீர்கள். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு, டூலை அழுத்தும்போதெல்லாம் கொத்தாகக் கிளம்பி வரும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்தின் அடியில் ஒரு டிரெயின் வையுங்கள். தரைக்கு அடியில் பைப்பைப் புதைப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். லீக் தெரியாது, தண்ணீர் இறங்காது, மழையில் துரு ஏறும்.

ஷெட்டைச் சுற்றி பைப்பை ஒரு வளையமாக மூடிவிடுவது நல்ல முறை. ‘ரிங் மெயின்’ என்பார்கள். எந்த டேப்பை, அதாவது காற்று எடுக்கும் வாயை, திறந்தாலும் இரண்டு பக்கமிருந்தும் காற்று வரும் என்பதால் அழுத்தம் இறங்குவது குறையும். 20-க்கு 40 அடி ஷெட் என்றால் சுற்றளவு 120 அடி. கம்ப்ரஸர் இருக்கும் மூலையை உச்சமாக வைத்து, இரண்டு கைகளும் எதிர்மூலையை நோக்கிச் சாயட்டும். ஆளுக்கு 60 அடி, ஏழரை இன்ச் இறக்கம். (ஏழரை என்றதும் சனியை நினைத்துப் பயப்பட வேண்டாம், இது நல்ல ஏழரை.) அந்த எதிர்மூலையில் பெரிய டிரெயின் ஒன்று. மூன்று டேப்புக்குக் குறைவான சின்னப் பட்டறைக்கு வளையம் வீண் செலவு என்பது என் கருத்து. நேர்கோட்டில் ஒரு லைன், முடிவில் டிரெயின், போதும்.

அரை இன்ச்சா, ஒரு இன்ச்சா?

சைஸ் என்றதும் அழுத்தம் குறைவதைப் பற்றி மட்டும் பேசுவது வழக்கம். இங்கேயும் தண்ணீர் இருக்கிறது. பைப்புக்குள் காற்று நொடிக்கு 6 மீட்டர் வேகத்துக்குள் போனால் துளிகள் அடியில் படிந்து வழியும். வேகம் அதற்கு மேலே போகப் போகக் காற்று துளிகளை அள்ளிக்கொண்டு ஓடும். நீங்கள் வைத்த டிரெயினையெல்லாம் தாண்டிவிடும்.

நம்முடைய 18 சி.எஃப்.எம். கம்ப்ரஸருக்கு 7 கிலோவில் கணக்கிட்டால், அரை இன்ச் பைப்பில் நொடிக்கு 5.3 மீட்டர், முக்கால் இன்ச்சில் 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு இன்ச்சில் 2 மீட்டருக்குள். அரை இன்ச்சே போதுமே என்று தோன்றும். ஆனால் டேங்கில் காற்று சேர்ந்திருக்கிறது. ஒருவர் சாண்டரும் இன்னொருவர் ஏர் கன்னும் ஒரே நேரத்தில் பிடித்தால் கம்ப்ரஸர் தருவதைப்போல் இரண்டு மடங்கு காற்று அந்த நொடியில் பைப்பில் ஓடும். அரை இன்ச் பைப்பில் வேகம் 10 மீட்டரைத் தாண்டிவிடும். மெயினுக்கு ஒரு இன்ச், சுவரில் இறங்கும் பைப்புக்கு அரை அல்லது முக்கால் என்று வைத்துக்கொண்டால் நாளை இன்னொரு கம்ப்ரஸர் வந்தாலும் பைப்பை மாற்ற வேண்டியிருக்காது.

அழுத்த இழப்பு பைப்பின் விட்டத்தைப் பொறுத்துப் பயங்கரமாக மாறும். அதே அளவு காற்றுக்கு விட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு 32-ல் ஒரு பங்காகிவிடும். இது பெரிதாக உறைப்பது சுவர் பைப்பில் இல்லை, கடைசி ஹோஸில்தான். 12 சி.எஃப்.எம். இழுக்கும் டூலுக்கு 10 மீட்டர் நீளமுள்ள, உள்விட்டம் 6 மில்லிமீட்டர் ஹோஸைப் போட்டால் வழியிலேயே ஒரு கிலோவுக்கு மேல் போய்விடும். 8 மில்லிமீட்டர் ஹோஸில் போவது கால் கிலோதான். ஆயிரக்கணக்கில் செலவு செய்து ஒரு இன்ச் லைன் போட்டுவிட்டு, முனையில் மெல்லிய சுருள் ஹோஸை மாட்டி ‘இம்பாக்ட்ல பவர் இல்ல’ என்று கம்ப்ரஸரை 8 கிலோவுக்கு ஏற்றுகிறவர்கள் நிறைய. ஒரு கிலோ ஏற்றினால் கரண்ட் செலவு ஏழு சதவீதம்போலக் கூடும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை, டூலின் டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே செட் செய்யுங்கள். காற்று ஓடாதபோது கேஜ் காட்டும் அழுத்தம் வெறும் அலங்காரம்.

பி.வி.சி. பற்றிக் கொஞ்சம் விரிவாக

தெருவுக்குத் தெரு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, விலை மலிவு, பசை தடவி ஒட்டினால் முடிந்தது. பட்டறைகளில் பி.வி.சி. பைப்பில் ஏர் லைன் ஓடுவதற்கு இதுதான் காரணம். கேட்டால் பைப்பைத் திருப்பிக் காட்டுவார்கள்: ‘10 கிலோன்னு பிரிண்ட்டே இருக்கு பாருங்க, நாம ஏழுதான் ஓட்டுறோம்.’

அந்த 10 கிலோ, 27 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்கு. வெப்பம் ஏறினால் பி.வி.சி. தாங்கும் அழுத்தம் வேகமாகச் சரியும்; 43 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். தகர ஷீட்டுக்கு அடியில் எத்தனை டிகிரி என்று மேலே பார்த்தோம். கம்ப்ரஸரிலிருந்து கிளம்பும் காற்றோ அதைவிடச் சூடு. வெயில் பட்டால் பைப் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஒரு ஸ்பேனர் தவறி அதன்மேல் விழுந்தால் போதும்.

இதைவிட முக்கியமானது, உடைந்தால் என்ன ஆகும் என்பது. தண்ணீரை அழுத்தினால் அது சுருங்குவதில்லை. பைப் விரிசல் விட்டால் பீய்ச்சி அடித்து அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிக் காத்திருக்கிறது. பைப் உடைந்த நொடியில் அது எட்டு மடங்கு விரிகிறது, உடைந்த பிளாஸ்டிக் கண்ணாடிச் சில்லுபோலப் பறக்கிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1988-லேயே, தரைக்கு மேலே ஓடும் ஏர் லைனுக்குப் பி.வி.சி. வேண்டாம் என்று எச்சரிக்கை வெளியிட்டது. வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி.யும் அதே குடும்பம்தான். பத்து வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். பத்து வருஷத்தில் அந்த பைப் இன்னும் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

வேறு என்ன போடுவது? நம்மூரில் எல்லா ஃபிட்டருக்கும் கைவந்தது ஜி.ஐ. பைப். நீலப் பட்டை போட்ட ‘பி’ கிளாஸ் இந்த அழுத்தத்துக்குத் தாராளம். பாரிமுனையில் செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் பைப், எல்போ, டீ, யூனியன், வால்வு எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். இரும்பு என்பதால் காற்றின் சூட்டை வெளியே விடும். நமக்கு அதுதானே வேண்டும். குறை என்றால் கனம், மரை போட ஆகும் நேரம், வருஷக் கணக்கில் ஓடிய பிறகு உள்ளே துத்தநாகப் பூச்சு உதிர்வது. எண்ணூர், திருவொற்றியூர் போலக் கடலோரமாக இருப்பவர்களுக்கு வெளிப்பக்கத் துருவும் சேரும், பெயிண்ட் அடித்துக் காக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கும்போது வான்நீலம் அடியுங்கள். பைப்புகளுக்கான நிறம் சொல்லும் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2379-ல் காற்றுக்கு அதுதான் நிறம்.

அலுமினிய ஏர் பைப்புகள் இப்போது நிறைய வருகின்றன. துரு கிடையாது, மரை கிடையாது, தள்ளினால் பூட்டிக்கொள்ளும் இணைப்புகள். வாடகை ஷெட் என்றால், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம் என்பதற்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம். பி.பி.ஆர். என்ற பிளாஸ்டிக் பைப்பைச் சிலர் போடுகிறார்கள். அழுத்தக் காற்றுக்கு என்று தயாரிப்பாளரே எழுத்தில் கொடுத்திருக்கும் வகையானால் சரி. அப்போதும் கம்ப்ரஸரிலிருந்து முதல் இருபது அடி இரும்பாக இருக்கட்டும்.

பெயிண்ட் லைன் தனி

டயருக்குக் காற்று அடிக்கவும் நட்டு கழற்றவும் மேலே சொன்ன சாய்வும் டிரெயினும் போதும். பெயிண்டுக்குப் போதாது. பூத்துக்குப் போகும் காற்று கம்ப்ரஸரிலிருந்து குறைந்தது 25 அடி இரும்பு பைப்பில் ஓடி ஆறியிருக்க வேண்டும். ஷெட் சின்னதாக இருந்தால் சுவரிலேயே பைப்பை மேலும் கீழுமாக நாலைந்து முறை மடித்து ஓட்டலாம். ஒவ்வொரு கீழ்மடிப்பிலும் ஒரு டிரெயின். அதற்குப் பிறகு, பூத்துக்குப் பக்கத்தில், ஃபில்டரும் ரெகுலேட்டரும். டூல் லைனில் போடும் எண்ணெய்க் கிண்ணத்தை, அதாவது லூப்ரிகேட்டரை, இந்த லைனில் போட்டுவிடாதீர்கள். துளி எண்ணெய் கலந்தாலும் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண்போல வட்டம் வட்டமாக விலகும். லூப்ரிகேட்டர் வழியாக ஒருமுறை காற்று போன ஹோஸையும் பெயிண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வேலை பெருகினால் ரெஃப்ரிஜரேஷன் டிரையர் வாங்குவீர்கள். அது காற்றை 3 டிகிரி அளவுக்குக் குளிரவைத்துத் தண்ணீரை எடுத்துவிடும். அதன் பிறகு நம் ஊர் வெப்பத்தில் பைப்பில் துளி பிறக்க வழியில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். டிரையரின் திறனை 35 அல்லது 38 டிகிரியில் உள்ளே வரும் காற்றுக்குக் கணக்கிட்டுப் பலகையில் எழுதியிருப்பார்கள். 50 டிகிரிக் காற்றை நேராக அதில் விட்டால் பலகையில் எழுதிய அளவுக்கு வேலை செய்யாது. டிரையருக்கு முன்னாலும் ஆறும் பைப் வேண்டும்.

டேங்கை மறக்க வேண்டாம். அடியில் தண்ணீர் நின்றால் தகடு உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். சாயங்காலம் கடையை மூடும்போது மோட்டாரை நிறுத்தி, கொஞ்சம் அழுத்தம் இருக்கும்போதே டிரெயினைத் திறந்து தண்ணீரை விரட்டிவிட்டு, திறந்தபடியே விட்டுப் போங்கள். வரும் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும், ஒரு கேனில் பிடியுங்கள். பழைய கம்ப்ரஸரைக் கைமாற்றாக வாங்குகிறவர்கள் டேங்கைத் தண்ணீர் ஏற்றிச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 31-ஆம் பிரிவு அழுத்தக் கலங்களுக்கென்றே இருந்தது. சாயங்காலம் உடம்பில் ஒட்டிய தூசியை ஏர் கன்னால் ஊதிக்கொள்ளும் பழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் அதன் வழியாகக் காற்று உள்ளே போகலாம், கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

முதல் நாள் சோதனை

லைன் முடிந்ததும் டூலை மாட்டிவிடாதீர்கள். மரை வெட்டிய இரும்புத் தூளும் டெஃப்லான் டேப் துணுக்குகளும் உள்ளே கிடக்கும். இரண்டு கிலோ அழுத்தத்தில் ஒவ்வொரு டிரெயினையும் ஒவ்வொரு டேப்பையும் திறந்து ஊதவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் நின்று.

பிறகு 7 கிலோ ஏற்றி, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். லீக்கைச் சின்ன விஷயமாக நினைக்கத் தோன்றும். 7 கிலோவில் 1 மில்லிமீட்டர் ஓட்டை 2.5 சி.எஃப்.எம். காற்றை விடும், கம்ப்ரஸர் அதை ஈடுகட்ட அரை கிலோவாட் போகும். பத்து மணி நேரத்துக்கு ஐந்து யூனிட். உங்கள் பில்லில் இருக்கும் யூனிட் விலையைப் போட்டு மாதக் கணக்கைப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் ஓட்டை விடும் காற்று 20 சி.எஃப்.எம்.-ஐத் தாண்டும். நம் 5 எச்.பி. கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடினாலும் அந்த ஒரு ஓட்டைக்கே போதாது.

ஓடும் பட்டறையில் லீக் எவ்வளவு என்று அறிய மதிய சாப்பாட்டு நேரம் தோது. எல்லா டூலும் சும்மா இருக்கும்போது கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று செல்போனில் பாருங்கள். இரண்டு நிமிடம் ஓடி எட்டு நிமிடம் நின்றால், கம்ப்ரஸரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு யாருக்கும் பயனில்லாமல் போகிறது.

புது லைனுக்கு இன்னும் கடுமையான சோதனை வைக்கலாம். டேங்க் வால்வை மூடி, லைனில் மட்டும் 7 கிலோ அடைத்து, கடைசி டேப்பில் ஒரு கேஜ் மாட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முள் அசையக் கூடாது. அது தேறினால் டேங்க் வால்வைத் திறந்து, டேங்க் ஆறிய பிறகு மறுபடி 7 கிலோ இருக்கிறதா என்று பார்த்து, மெயின் ஸ்விட்சை அணைத்து, அந்த ஒரு ராத்திரி மட்டும் டிரெயினை மூடிவைத்து விட்டுப் போங்கள். சாயங்காலம் 34 டிகிரியில் இருந்த காற்று விடியும்போது 27-க்கு வந்திருந்தால், லீக்கே இல்லாவிட்டாலும் முள் 0.2 கிலோ போல இறங்கித்தான் இருக்கும். அதை வைத்து ஃபிட்டரோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று விழுந்திருந்தால் சோப்புத் தண்ணீரை மறுபடி எடுங்கள். முதலில் கப்ளர்கள், அடுத்து ஹோஸ் கிளாம்ப்புகள், பிறகு டிரெயின் வால்வுகள். பைப் மரைகளைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.